தக்காளி வாடல் நோயும் நடுகை முறையும்

ஹேவாஹெட்டச் சரிவுகளிற் பெரும்போக நெல் அறுத்த வயல்கள் பல, சிறுபோகத்தில் மரக்கறித் தோட்டங்களாகின்றன. இவற்றில் தக்காளி செய்யும் கமக்காரர் பெரிதும் அஞ்சவேண்டியது பற்றீரியா வாடல் நோயாகும். காய் பிடிக்கும் பருவத்தில், இலைகள் பச்சையாயிருக்கும்போதே செடி வாடிச் சில நாட்களில் மடியும். விதைக்கும் பசளைக்கும் இட்ட பணம் அத்துடன் அழியும்.

இந்நோயின் பற்றீரியாவை 1896ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் எர்வின் ஸ்மித் விவரித்தார். அது மண்ணில் வாழ்ந்து, வேரிலுள்ள காயங்களின் வழியே புகுந்து, நீரேறும் குழாய்களை அடைத்துவிடுகிறது. வாடிய தண்டின் அடித்துண்டைத் தெளிந்த நீருள்ள கண்ணாடிக் குவளையிற் தொங்கவிட்டால், சில நிமிடங்களிற் பால்போன்ற இழை கீழிறங்கும். இதுவே நோயின் அடையாளம். வாடிய செடியைக் குணப்படுத்தும் மருந்து இல்லை.

ஆகவே எதிர்ப்புச் சக்தியுள்ள இனங்களைத் தெரிவுசெய்தல் வேண்டும். தக்காளியில் 'திலினா', கத்தரியில் 'எஸ்.எம். 164' என்பன அத்தகையன. எனினும் அதிக வெப்பமும், நீர் தேங்கிய மண்ணும், வேர்முடிச்சுப் புழுவும் சேர்ந்தால் இவ்வெதிர்ப்பும் தளரும். அதனைக் காப்பது நடுகை முறையேயாகும்.

நெல்லுக்குப் பின் தக்காளி நடுவது நன்று. நீர் நின்ற வயலில் இப்பற்றீரியா குறைகிறது. பாத்திகளை 8 முதல் 12 அங்குலம் உயர்த்தி, வடிகால் வெட்டுக. வேர் அறாதபடி நாற்றைப் பிடுங்குக. நட்டபின் செடியருகே ஆழமாகக் கொத்தற்க.

கத்தரி அடிக்கட்டையில் தக்காளியை ஒட்டுவதும் பயன்தரும். ஆனால் ஒட்டிய இடம் மண்ணுக்கு மேலேயே இருத்தல் வேண்டும். அது புதையுண்டால் தக்காளித் தண்டு தானே வேர்விட்டு, அவ்வழியே நோய் நுழையும்.

அடுக்கு வயல்களில் மேல்வயலின் நோய் நீரோடு கீழ்வயலுக்கு இறங்கும். எனவே வாடிய செடியை வேரோடும் மண்ணோடும் அகற்றி எரித்து, மண்வெட்டியைக் கழுவுக. அந்நிலத்தில் கத்தரி, மிளகாய், உருளைக்கிழங்கு ஆகியவற்றை அடுத்து நடுதல் ஆகாது. அவையும் இந்நோய்க்கு இரையாவனவே. நெல்லோ சோளமோ இடுதல் சிறந்தது. அயலவரும் இவற்றை ஒருங்கே கைக்கொண்டால், மேல்வயலாரின் கவனம் கீழ்வயலாரின் விளைச்சலையும் காக்கும்.