புறாத்தீவுக்குப் புறப்படுமுன்

விடுமுறை வந்தால், "வாப்பா, புறாத்தீவு!" என்று பிள்ளைகள் நச்சரிப்பார்கள். நிலாவெளிக் கரையிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர். 2003 முதல் தேசியப் பூங்கா. வாடைக் காலம் தவிர்த்து, மே முதல் செப்டெம்பர் வரை செல்வதே உசிதம்.

2021 நவம்பர் 23 இல் குறிஞ்சாக்கேணியில் படகுப்பாதை கவிழ்ந்து பள்ளிப் பிள்ளைகள் மாண்டதை நாம் மறக்கவில்லை. ஆகவே சகோதரர்களே, கூலி பேசுமுன் உயிர்காப்பு அங்கியைக் கேளுங்கள். சிறுவருக்கு அளவானது இல்லையென்றால் ஏறாதீர்கள். (படகுக்காரர் முகம் சுளிப்பார், சுளிக்கட்டும்.) வயதான உம்மாவுக்கும் ஒன்று வேண்டும்.

முருகைக் கற்களை மிதிக்கக் கூடாது; அவை உயிருள்ளவை. குடிதண்ணீர் கையோடு கொண்டு போங்கள். காலையிலேயே புறப்பட்டால் லுஹருக்குக் கரை திரும்பலாம். திருகோணமலையிலிருந்து தூரம் சொற்பம், கஸ்ர் கிடையாது.