சைகோனின் இரவுக் கடைகளில் சாப்பாட்டுக்கே முதலிடம்

ஹோ சி மின் நகரத்தை அங்குள்ளவர்கள் இன்னும் சைகோன் என்றே அழைக்கிறார்கள். அந்நகரின் பழைய நான்காம் மாவட்டத்தில் உள்ள வின் கான் தெரு, இருட்டிய பிறகுதான் களைகட்டும். குட்டை பிளாஸ்டிக் ஸ்டூல்கள், மடக்கு மேசைகள், தலைக்குமேல் ஒரு தார்ப்பாய், காலடியில் சிதறிக்கிடக்கும் ஓடுகள்: பார்வைக்கு எந்தப் பகட்டும் இல்லாத குடிக்கடைகள். வெளியூர்க்காரர்கள் இவற்றை மலிவு பீர் கிடைக்கும் இடங்களாகவே எண்ணிக்கொள்கிறார்கள். அது தவறான மதிப்பீடு. இங்கே பீருக்குத் துணையாக உணவு வரவில்லை. உணவுக்குத் துணையாகத்தான் பீர் வருகிறது.

கடை முகப்பே இதற்குச் சாட்சி. அங்கே பாட்டில்களை அடுக்கி வைப்பதில்லை. நத்தையும் மட்டியும் சிப்பியும் உயிரோடு தட்டுகளில் கிடக்கின்றன. வருகிறவர் எது வேண்டும் என்று முதலில் கைகாட்டுகிறார். எப்படிச் சமைக்க வேண்டும் என்பதை அடுத்துச் சொல்கிறார். சேற்று நத்தை என்றால் தேங்காய்ப்பாலில் வதக்குவார்கள். ஓட்டின் கூர்முனையை முன்பே வெட்டியிருப்பதால், வாய் வைத்து உறிஞ்சினால் பாலோடு சதையும் வந்துவிடும். மட்டியை எலுமிச்சம்புல்லும் மிளகாயும் போட்டு வேகவைத்தால், அடியில் தேங்கும் சாறுதான் பலருக்கு மட்டியைவிடப் பிடித்தமானது. ரத்தச் சிப்பிக்குப் புளி. விசிறிச் சிப்பிக்கு வெங்காயத்தாள் வதக்கிய எண்ணெயும் பொடித்த வேர்க்கடலையும். வேகவைத்த நத்தைக்கு இஞ்சி தட்டிப்போட்ட மீன்சாறு தருகிறார்கள். நத்தை குளிர்ச்சி, இஞ்சி சூடு என்ற அந்தக் கணக்கு நம் வீட்டுப் பாட்டிகளுக்கும் உடனே புரியும். பீரோ, ஐஸ் கட்டி போட்ட தம்ளரில் ஊற்றப்படுகிறது. ஐஸ் கரையக் கரைய நீர்த்துப்போகும் அந்தப் பானம் காரத்தையும் புழுக்கத்தையும் ஆற்றுவதற்கானது. குழந்தைகளோடு வரும் குடும்பங்கள் ஐஸ் டீயை வைத்துக்கொண்டே இதே தட்டுகளைச் சாப்பிட்டுவிட்டுப் போகின்றன.

கடையின் எளிமையும் இந்த உணவின் தேவையிலிருந்து வந்ததுதான். ஒவ்வொரு நத்தையாக உறிஞ்சியோ ஊசியால் குத்தியோ எடுக்க வேண்டும். ஒரு தட்டில் இருக்கும் சதை கைப்பிடிகூடத் தேறாது. ஆகவே தட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன, நேரமும் நீள்கிறது. நண்பர்கள் கூடக்கூட இன்னொரு மேசையை இழுத்துப்போட்டால் போதும். அலங்காரத்துக்குப் போகாத காசு சரக்கு வாங்கப் போகிறது. உயிரோடு கிடப்பதை வாடிக்கையாளரே பார்த்துத் தேர்ந்தெடுப்பதால், பழையதைத் தலையில் கட்டுவதும் எளிதல்ல.

உயிரோடு இருந்தால் மட்டும் சுத்தமாகிவிடுமா என்று கேட்டால், ஆகாது. மட்டியும் சிப்பியும் தாம் வாழும் நீரை வடிகட்டியே உண்பவை. நீரில் கிருமி இருந்தால் அவற்றிலும் தங்கும். 1988இல் ஷாங்காய் நகரில் அரைவேக்காட்டுச் சிப்பியால் ஏறத்தாழ 3 லட்சம் பேருக்கு ஹெபடைடிஸ் ஏ மஞ்சள்காமாலை பரவியது. ரத்தச் சிப்பியைச் சிவப்பு மாறாமல் தின்பதே ருசி என்பவர்களின் பேச்சைக் கேட்காமல், நன்றாக வேகவைக்கச் சொல்வதே அறிவு.

இதைவிடக் கனமான ஆட்சேபம் குடியைப் பற்றியது. உணவைப் புகழ்வது குடியை மறைமுகமாக வளர்க்காதா? வியட்நாமில் ஆண்களின் குடி பெரிய பிரச்சினை என்பதில் ஐயமில்லை. குடித்துவிட்டு வண்டி ஓட்டுவோருக்கு 2020 ஜனவரி 1 முதல் அரசு கடும் அபராதம் விதிக்கிறது. மூச்சில் துளி மது இருந்தாலும் தப்ப முடியாது. பீர் விற்பனை அடிவாங்கியது. வாடிக்கையாளரை வீட்டில் கொண்டுபோய் விட ஏற்பாடு செய்த கடைகளும் உண்டு. இந்தச் சட்டம் நியாயமானது. பீரை மட்டும் நம்பியிருந்த கடைக்கு அது பேரிடி. நத்தைக்காகக் கூட்டம் வரும் கடைக்குப் பிழைக்க வழி இருக்கிறது.

இத்தகைய கடைகள் ஸ்டூல் போடும் நடைபாதை யாருக்குச் சொந்தம் என்ற வழக்கு மட்டும் இன்னும் ஓய்ந்தபாடில்லை. 2017இல் முதல் மாவட்டத்தில் அதிகாரிகள் ஆக்கிரமிப்புகளை அதிரடியாக அகற்றினார்கள். கொஞ்ச காலத்தில் ஸ்டூல்கள் திரும்பிவிட்டன. 2024இல் நகர நிர்வாகம் வேறு வழியில் இறங்கியது: அகலமான சில நடைபாதைகளில், நடப்பவர்களுக்குக் குறைந்தது 1.5 மீட்டர் விட்டுவிட்டு, மீதியைக் கட்டணம் வாங்கிக்கொண்டு வியாபாரத்துக்குக் கொடுக்கத் தொடங்கியது. விரட்டுவதைவிட இது மேல். ஆனால் அந்த ஒன்றரை மீட்டரை இரவு பத்து மணிக்கும் யாராவது அளந்து பார்க்க வேண்டும்.