விருந்தாளி காட்டிய மலைகள்

"ஏம்மா, எதிர்ல தெரியுதே, அந்த மலைக்குப் பேரு என்ன?"

மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த என்னிடம் என் பெரிய நாத்தனார் கேட்ட கேள்வி இது. எனக்குப் பதில் தெரியவில்லை! குரோம்பேட்டைக்கும் சானடோரியத்துக்கும் நடுவில் 18 வருஷமாகக் குடியிருக்கிறேன். தினமும் அந்த மலையைப் பார்த்தபடிதான் துணி காயப் போடுகிறேன். பெயர் கேட்டால் முழிக்கிறேன். கீரை கொண்டு வந்த அம்மாளிடம் விசாரித்துவிட்டு, "பச்சைமலையாம் அண்ணி" என்று அசடு வழியச் சொன்னேன்.

அண்ணி கும்பகோணத்துக்காரர். அங்கே எந்தப் பக்கம் திரும்பினாலும் வயலும் வாய்க்காலும்தான். மேடு என்றால் ஆற்றங்கரை, உயரம் என்றால் கோயில் கோபுரம். போன வருஷம் அண்ணன் தவறிப் போனதிலிருந்து அண்ணி வாசல்படி தாண்டுவதில்லை. சர்க்கரை ஏறிவிட்டது. "நடங்கள், நடங்கள்" என்று டாக்டர் சொல்லியும் கேட்கவில்லை. "பத்து நாள் மாமி வீட்டுல இருந்துட்டு வாம்மா" என்று அவர் பெண்தான் வற்புறுத்தி ரயிலேற்றி விட்டாள்.

உள்ளதைச் சொல்கிறேனே, எனக்குக் கவலையாகத்தான் இருந்தது. தியாகராய நகர் போகலாமா என்றேன், கடற்கரைக்கு என்றேன். எல்லாவற்றுக்கும் "எனக்கு எதுக்கும்மா?" என்ற ஒரே பதில். சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தவர் தானாக வாய் திறந்து கேட்டது அந்த மலையைப் பற்றித்தான். சரி, இதுதான் வழி என்று பிடித்துக்கொண்டேன்.

நம் புறநகர் ரயில் பாதையைக் கவனித்திருக்கிறீர்களா, சகோதரிகளே? பரங்கிமலை, திரிசூலம், பல்லாவரம், பச்சைமலை, வண்டலூர் என்று வழிநெடுகக் குன்றுகள். எல்லாம் 2, 3 மணி நேரத்தில் போய் வந்துவிடக்கூடிய தூரம். ஊட்டி, கொடைக்கானல் என்று வருஷத்துக்கு ஒருமுறை பணத்தைச் சேர்த்து வைத்து ஓடுகிறோமே, இவற்றை எட்டிப் பார்க்கிறோமா?

முதல் நாள் திரிசூலம். குரோம்பேட்டையிலிருந்து இரண்டாவது ஸ்டேஷன், விமான நிலையத்துக்கு எதிரே. ஸ்டேஷனிலிருந்து சற்று உள்ளே நடந்தால் சோழர் காலத்துத் திரிசூலநாதர் கோயில். சுற்றிலும் குன்றுகள். நான்கு வேதங்களே குன்றுகளாக நிற்பதாக ஐதீகம். தலைக்கு மேல் விமானம் இரைந்து போகிறது. அது அடங்கியதும் கோயிலுக்குள் அப்படி ஓர் அமைதி! பிராகாரத்தை ஒரு சுற்று என்று ஆரம்பித்த அண்ணி, தன்னையறியாமல் மூன்று சுற்று வந்துவிட்டார்.

அங்கே குன்றுகளைப் பாதி வெட்டி எடுத்திருப்பதையும் பார்ப்பீர்கள். வருஷக்கணக்காகக் கல் எடுத்த இடம் அது. இந்தப் பக்கத்துக் கல்லின் கதையைக் கேளுங்கள். கல்கத்தா நகரத்தை நிறுவியவர் என்று பேர் பெற்ற ஜாப் சார்னாக் என்ற ஆங்கிலேயரின் சமாதிக்கு இங்கிருந்துதான் கல் போயிருக்கிறது. அவர் பெயரையே வைத்து இந்தப் பாறைக்குச் 'சார்னோகைட்' என்று பெயரிட்டார்கள். "நம்ம ஊர் கல்லு எங்கே போய்ப் பேர் வாங்கியிருக்கு பாரு!" என்றார் அண்ணி. ஒரு எச்சரிக்கை: கல்குவாரிக் குட்டைகள் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் ஆழம் தெரியாது, கரை வழுக்கும். குழந்தைகளை அருகே விடவே கூடாது.

வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தைக்குப் போனோம். பழைய தையல் மிஷின், பீங்கான் ஜாடி, பூச்செடி, நாற்காலி, கோழிக்குஞ்சு என்று இல்லாத சாமான் இல்லை. காலையில் 8 மணிக்குள் போனால் வெயிலும் இல்லை, கூட்டமும் குறைவு. அண்ணி பேரம் பேசி ஒரு நந்தியாவட்டைச் செடி வாங்கினார். 'எனக்கு எதுக்கும்மா' என்றவர் தனக்கென்று வாங்கிய முதல் பொருள் அது!

இந்தப் பல்லாவரம் நேற்று முளைத்த ஊர் இல்லை. 1863-ஆம் வருஷம் மே மாதம் ராபர்ட் புரூஸ் ஃபூட் என்பவர் இங்கே சரளை மண்ணில் ஆதிமனிதனின் கல் கோடரியைக் கண்டெடுத்தார். நம் நாட்டில் பழைய கற்காலத்து மனிதர் வாழ்ந்ததற்குக் கிடைத்த முதல் சான்றுகளில் அது ஒன்று.

பரங்கிமலைக்குப் படிக்கட்டும் உண்டு, வண்டிப் பாதையும் உண்டு. முட்டி வலி உள்ளவர்கள் ஆட்டோவிலேயே மேலே போய்விடலாம். உச்சியில் போர்த்துக்கீசியர் கட்டிய மாதா கோயில். அங்கிருந்து பார்த்தால் ஊர் முழுக்கக் கண்ணில் விரிகிறது. 1802-இல் லாம்டன் என்ற அதிகாரி, தேசத்தையே அளக்கும் வேலையை இந்த மலையடிவாரத்திலிருந்துதான் தொடங்கினார். இங்கே ஆரம்பித்த அந்த அளவைதான் வளர்ந்து வளர்ந்து இமயமலை வரை போய் எவரெஸ்டின் உயரத்தையும் அளந்தது. பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இருந்தால் கட்டாயம் அழைத்துப் போய்ச் சொல்லுங்கள். புத்தகத்தில் படிப்பதை விட மனத்தில் நிற்கும்.

திரும்பும்போது ரயிலில் அறிவிப்பைக் கேட்டுவிட்டு, "அதென்ன சானடோரியம்?" என்றார் அண்ணி. "காசநோய்க்காரர்கள் தங்கி உடம்பைத் தேற்றிக்கொள்ளும் இடம் அண்ணி" என்றேன். டாக்டர் சௌரி முத்து என்பவர் 1928-இல் 12 படுக்கைகளோடு ஆரம்பித்தது. காசநோய்க்கு மருந்தே கண்டுபிடிக்காத காலம். மலையடிவாரத்துச் சுத்தமான காற்று, ஓய்வு, சத்தான ஆகாரம், இவைதான் சிகிச்சை. அதற்கு முன்பு அவர் இங்கிலாந்திலும் இப்படி ஒரு சானடோரியம் நடத்தினார். 1917-இல் கணித மேதை ராமானுஜம் அங்கே தங்கிச் சிகிச்சை பெற்றிருக்கிறார்.

"யாரு, எங்க சாரங்கபாணி சன்னதித் தெரு ராமானுஜமா?" அண்ணிக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. 1937-இல் அரசாங்கம் எடுத்துக்கொண்ட அந்த ஆஸ்பத்திரி இன்றும் நெஞ்சு நோய்களுக்கு வைத்தியம் செய்து வருகிறது. அங்கே வேடிக்கை பார்க்கப் போகக் கூடாது, வெளியிலிருந்து மனசுக்குள் ஒரு கும்பிடு போடுங்கள், போதும். இப்போது காசநோய்க்கு நல்ல மாத்திரைகள் வந்துவிட்டன. அரசு ஆஸ்பத்திரிகளில் இலவசமாகவே தருகிறார்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் தயங்காமல் காட்டுங்கள். அன்று ராத்திரி அண்ணி தன் அறை ஜன்னலைத் தானே திறந்து வைத்தார்.

ஊருக்குப் போவதற்கு முதல் நாள் திருநீர்மலை. பல்லாவரத்திலிருந்து பஸ் உண்டு. திருமங்கையாழ்வார் வந்தபோது மலையைச் சுற்றித் தண்ணீர் சூழ்ந்திருந்ததாம். ஆறு மாதம் காத்திருந்து, வடிந்த பிறகே சேவித்தாராம். அதனாலேயே நீர்மலை. அடிவாரத்தில் நீர்வண்ணப் பெருமாள் நிற்கிறார். மேலே நரசிம்மர் அமர்ந்திருக்கிறார், ரங்கநாதர் சயனித்திருக்கிறார், உலகளந்த பெருமாள் நடக்கிறார். நின்ற, இருந்த, கிடந்த, நடந்த என்று நான்கு கோலமும் ஒரே தலத்தில்!

"நான் கீழேயே சேவிச்சுக்கறேன், நீ போயிட்டு வா" என்றார் அண்ணி. மேலே போகச் சுமார் 200 படிகள். "பத்துப் படி ஏறலாம், முடியலேன்னா இறங்கிடலாம்" என்றேன். பத்து ஏறினோம், உட்கார்ந்தோம். மறுபடி பத்து. பாதி தூரத்தில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. மூச்சு வாங்குகிறதோ என்று பயந்து தண்ணீரை நீட்டினேன்.

"உங்க அண்ணன் வருஷா வருஷம் திருப்பதிக்கு நடந்து ஏறலாம்னு கூப்பிடுவார். முட்டி வலி, முட்டி வலின்னு நான் போகவே இல்லம்மா. இப்ப ஏறுறேன் பாரு..." என்று சொல்லி அழுதார். அவர் போன பிறகு அவரைப் பற்றி அண்ணி பேசியது அன்றுதான். எனக்கு ஆறுதல் சொல்லத் தெரியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். கால் மணி கழித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வா, நடை சாத்திடப் போறாங்க" என்று அவரே முன்னால் ஏறினார்.

உங்களுக்கும் உதவும் என்று நாங்கள் அனுபவத்தில் கற்றதைச் சொல்கிறேன்:

காலை 7 மணிக்கே கிளம்பிவிடுங்கள். 9 மணிக்கு மேல் படிக்கல் சுடும். கோயில்கள் மதியம் நடை சாத்திவிடுவார்கள்.

சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் வெறும் வயிற்றில் ஏற வேண்டாம். இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டு, முந்தானையில் கொஞ்சம் சர்க்கரை முடிந்து கொள்ளுங்கள். படபடவென்று வந்து வியர்த்தால் உடனே வாயில் போட்டுக்கொள்ளலாம். இருதயக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுக்கொண்டே ஏற வேண்டும்.

ஏறுவதை விட இறங்குவதுதான் முட்டிக்குச் சிரமம். அவசரமில்லாமல் பிடித்துக்கொண்டு இறங்குங்கள்.

கைக்குழந்தைக்காரிகள் குழந்தைக்குப் பருத்தித் தொப்பி போட்டு, இடுப்பில் வைத்துக்கொள்ளாமல் தோளோடு அணைத்துத் தூக்கிக்கொண்டால் படி கண்ணுக்குத் தெரியும்.

எலுமிச்சம்பழ சாதமும் மோரும் வீட்டிலிருந்தே கொண்டு போங்கள். பிளாஸ்டிக் பையை மலையில் போட்டுவிட்டு வராதீர்கள்.

அண்ணி ஊருக்குப் போய் இரண்டு மாதமாகிறது. தினமும் காலையில் சாரங்கபாணி கோயிலைச் சுற்றி நடக்கிறாராம். சர்க்கரையும் கொஞ்சம் இறங்கியிருக்கிறதாம். நந்தியாவட்டை பூத்துவிட்டதாம்.

இங்கே நானும் இப்போது துணி உலர்த்திவிட்டு ஐந்து நிமிஷம் மாடியிலேயே நிற்கிறேன். பச்சைமலை எதிரே நிற்கிறது. தைப்பொங்கலுக்கு அண்ணி மறுபடி வருகிறாராம். "வண்டலூர் மிருகக்காட்சி சாலையைப் பார்க்கலையே, பேரனையும் கூட்டிட்டு வர்றேன்" என்றார் போனில். "செவ்வாய்க்கிழமை மட்டும் வேண்டாம் அண்ணி, அன்னிக்கு லீவு" என்று இந்தத் தடவை யாரையும் கேட்காமல் நானே பதில் சொன்னேன்!