மலை இறங்கும்போது பிரேக் பஞ்சு மாதிரி அமுங்குதா?

சுமார் 7,000 அடி உயரக் கொடைக்கானலிலிருந்து பெருமாள்மலை தாண்டி வத்தலகுண்டுக்கு இறங்குகிறீர்கள். திடீரெனக் கருகல் வாடை. மிதித்தால் பிரேக் பஞ்சு மாதிரி உள்ளே போகிறது. பதறிப்போய் ஓரங்கட்டி, ஒரு டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் பழையபடி பிடிக்கிறது. ‘சரியாயிடுச்சு’ என்று கிளம்பிவிடாதீர்கள்!

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல உறிஞ்சும். புதிய டாட் 4 ஆயில் 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரமேறியது 155 டிகிரியிலேயே கொதிக்கலாம். அப்போது உண்டாகும் ஆவிக் குமிழ்கள் உங்கள் மிதியை விழுங்கிவிடும். ஆறினால் குமிழ் மறைந்துவிடும். அதனால்தான் ஊருக்கு வந்ததும் மெக்கானிக் ஓட்டிப் பார்த்து, ‘பிரேக் நல்லாத்தானே இருக்கு’ என்கிறார். அவர்மேல் தப்பில்லை. எங்கே, எப்போது அமுங்கியது என்று சொல்லி, ஆயிலில் ஈரம் எவ்வளவு என்று கருவி வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பொதுவாக 2 வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டிய ஆயில் இது. நம்மில் பலருக்கு நினைவே இருப்பதில்லை!

மிதி கெட்டியாக இருந்தும் கார் நிற்க மறுத்தால், பேட் சூடேறியிருக்கலாம். ஏறும்போது வாடை வந்தால் பெரும்பாலும் கிளட்ச்தான்.

பெட்ரோலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறங்குவது மட்டும் வேண்டவே வேண்டாம். ஏறிய கியரிலேயே இறங்குங்கள்.