சாயுஞ் சில்லுத் தொகுதி: கணினி வானூர்திக்கு அதனை அமைக்குமாறு

கட்டுநாயக்காவில் வந்திறங்கும் எயார்பஸ் ஏ330 வானூர்தியை உற்றுநோக்குவோர் ஒன்றைக் காண்பர். அதன் பிரதான கால் ஒவ்வொன்றிலும் நான்கு சில்லுகள் உள. அவற்றுட் பின்னிரண்டும் தாழ்ந்து தொங்குகின்றன. அவையே முதலில் ஓடுபாதையைத் தொடுகின்றன. முன்னிரண்டும் சற்றுப் பிந்தியே தரையிற் படிகின்றன. இச்சில்லுகளைத் தாங்கும் சட்டம் போகி எனப்படும். காலின் அடியிலுள்ள முளையொன்றிற் கோக்கப்பட்டிருத்தலால் அது துலாக்கோல் போல் இருபுறமும் சாயவல்லது.

அண்மையில் மாணவன் ஒருவன், பிளைட்கியர் என்னும் கட்டற்ற பறத்தல் விளையாட்டுக்குத் தான் அமைத்த வானூர்தியை எமக்குக் காட்டினான். வடிவம் அழகாகவே இருந்தது. ஆயின் இறங்கும்போது பின்சில்லுகள் ஓடுபாதைக்குள் ஒரு சாண் அளவு புதைந்தன. “போகி சாய்கிறதுதானே, ஐயா!” என்றான் அவன். சாய்ந்தது உண்மை, எதனாற் சாய்ந்தது என்பதே அங்கு இல்லை. அக்குறையை நீக்குமாறு யாதென ஈண்டு ஆராய்வாம்.

போகி சாய்வதன் காரணங்கள் மூன்று. முதலாவது இடநெருக்கடி: மேலே மடங்கும் சில்லுகள் உடலினுள் உள்ள சிற்றறையில் அடங்குதல் வேண்டும். போயிங் 767 வானூர்தியின் போகி ஏனையவற்றுக்கு மாறாக முன்சில்லுகள் தாழச் சாய்வது இதுபற்றியே. போயிங் 777 இன் ஆறுசில்லுப் போகியோ, இறங்குதற்கு ஒரு சாய்வும் அறையில் ஒடுங்குதற்கு வேறொரு சாய்வும் கொள்ளும். இரண்டாவது, தரையின் தாக்கம் ஒரே கணத்தில் விழாது படிப்படியாக ஏற்கப்படுதல். மூன்றாவது, அறிவித்தல்: போகி சாய்வு நீங்கியதெனின் வானூர்தி தரையை அடைந்துவிட்டதென்பதை உணர்கருவிகள் அறிந்துகொள்ளும்.

இம்மூன்றாவது சிறிதன்று. சிறகின்மேல் எழும் தடைத்தகடுகளும், எந்திரங்களின் எதிருந்து விசையும் தரையை அடைந்தபின்னரே செயற்படல் வேண்டும். 1993 செப்டெம்பர் 14 ஆம் நாள் வார்சோவில் ஏ320 ஒன்று மழைநீர் தேங்கிய பாதையில் இறங்கியது. அவ்வானூர்திக்குப் போகி இல்லை. கால்களின் அமிழ்வும் சில்லுகளின் சுழற்சியுமே அறிகுறிகள். இருகால்களும் வேண்டிய அளவு அமிழாமையாலும் சில்லுகள் விரைவிற் சுழலாமையாலும், ‘தரை’ என்னும் தீர்ப்பு ஏறத்தாழ 9 விநாடி பிந்தியது. வானூர்தி பாதையைக் கடந்து ஓடிற்று, இருவர் மாண்டனர். காலின் அசைவு வெறும் அலங்காரமன்று என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா.

இனி அமைக்கும் முறை. உறுப்புக்களைத் தாய்-சேய் முறையிற் கோத்தல் முதற்பணி. உடலிற் கால், காலின் அமிழும் பகுதியிற் போகி, போகியிற் சில்லுகள். இவ்வொழுங்கு பிறழின், கால் அமிழும்போது சில்லுகள் தனித்து நின்றுவிடும். போகியின் சுழற்சி மையம் முளையின் நடுவிலேயே அமைதல் வேண்டும். முன்சில்லுகட்கும் பின்சில்லுகட்கும் வெவ்வேறு சுழற்சி கொடுத்தல் வேண்டும். பின்னவை முன்னதாகவே உருளத் தொடங்குமாதலின்.

அடுத்தது கணக்கு. இரு அச்சுகளுக்கிடைத் தூரம் 2 மீற்றர், முளை நடுவில், ஓடுபாதையோடு சாய்வு 15 பாகை எனக் கொள்வோம். பின்சில்லு தொட்டபின் முளை எவ்வளவு தாழ்ந்தாற் போகி கிடையாகும்? அரைத்தூரமாகிய 1 மீற்றரை 15 பாகையின் சைனாற் பெருக்க 26 சதமமீற்றர் வரும். முதல் 26 சதமமீற்றரிற் போகி மட்டுமே சுழலும். அதன்பின்னரே கால் அமிழும். பாதித்தூரமாகிய 13 சதமமீற்றர் தாழ்ந்தபோது சாய்வு ஏறத்தாழ 7½ பாகையாக இருக்கும்.

இங்கே இரு தவறுகள் நேரும். ஒன்று, அசைவை நேரத்தோடு பிணைத்தல். விநாடிக்கு 1 மீற்றர் வேகத்தில் தாழும் வானூர்திக்கு இவ்வசைவு கால் விநாடியில் முடியும். அரை மீற்றர் வேகத்தில் மென்மையாக இறங்குவதற்கு அரை விநாடி செல்லும். ஆதலின் அசைவு தாழ்ந்த தூரத்தையே பின்பற்றல் வேண்டும். மற்றொன்று, முன்சில்லுக்கும் பின்சில்லுக்கும் ஒன்றையொன்று அறியாத இரு தொடுகைப் புள்ளிகளை வைத்தல். பின்னது 26 சதமமீற்றர் எழும்போது முன்னது அவ்வளவு இறங்குவதே துலாக்கோலின் இயல்பு. தனிப்புள்ளிகள் இதனை அறியா; முன்சில்லு 52 சதமமீற்றர் தாழ்ந்தபின்னரே தரையைத் தொடும். இரட்டிப்புத் தாமதம்! தொங்கும் பின்சில்லின் அடியில் ஒரே தொடுகைப் புள்ளியை வைத்து, அதன் அமிழ்விலிருந்து போகியின் கோணத்தையும் காலின் அமிழ்வையும் முறையே கணித்தல் சாலச் சிறந்தது. முதல் 26 சதமமீற்றருக்கு எதிர்விசை மென்மையாகவும் பின்னர் வன்மையாகவும் இருத்தல் வேண்டும். போதிய தணிப்பும் வேண்டும். இன்றேல் வானூர்தி பந்துபோல் துள்ளும்.

மாணவனது பிழைக்கு இப்போது விடை கூறலாம். அவன் போகியை உடலுக்கு இணையாக நிறுத்தினான்; அஃது இணையாக நிற்கவேண்டியது தரைக்கு. மூக்கை 5 பாகை உயர்த்தி இறங்கும் வானூர்தியில், தரையிற் படிந்த போகி உடலை நோக்க 5 பாகை முன்தாழ்ந்து நிற்கும். இதனை விடுத்தால் பின்சில்லு ஏறத்தாழ 9 சதமமீற்றர் மண்ணுட் புகும். முன்சில்லு அவ்வளவு அந்தரத்தில் நிற்கும். மூக்குத் தாழத் தாழ இக்கோணமும் குறைந்து வருதல் வேண்டும். எழும்போது இவையெல்லாம் தலைகீழாக நிகழும்: முன்சில்லு முதலிலும் பின்சில்லு இறுதியிலும் தரையை நீங்கும். போயிங் 777-300இஆர் எழும்போது போகி பூட்டப்பட்டு, வானூர்தி பின்னச்சைப் பற்றி மூக்குயர்த்தும். நீண்ட வால் தரையில் உரசாமைப் பொருட்டு.

மாணவன் ஒரு வாரங் கழித்து மீண்டும் வந்தான். சில்லுகள் புதையவில்லை. அவன் திருத்தியது படத்தையன்று, கணக்கையே. கண்ணுக்கு மெய்போலத் தோன்றச் செய்தல் எளிது. காரணத்தை அமைத்துவிட்டாலோ தோற்றம் தானே வந்து சேரும். விளையாட்டிலும் கல்வியிலும் இதுவே முறை.