அய்யம்பாளையத்திலிருந்து அட்டனுக்கு: இலங்கையில் கார் ஓட்டப் போகிறவர்களுக்கு

தாண்டிக்குடி மலைச்சாலையில் வண்டி ஓட்டிப் பழகியவர் நீங்கள். பெரும்பாறைக்கு ஏறும்போது எதிரே பஸ் வந்தால் எங்கே ஒதுங்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். இப்போது அட்டன், நுவரெலியா பக்கம் உறவினரைப் பார்க்கக் கிளம்புகிறீர்கள். 1964ஆம் ஆண்டு இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையின் தேயிலைத் தோட்டங்களை விட்டு வந்தவர்களில் சிலர் கொடைக்கானல் மலையிலும் குடியேறினார்கள். அந்த உறவு இன்னும் அறுந்துவிடவில்லை.

“அங்கேயும் இடது பக்கம்தானே ஓட்டுகிறார்கள்? போர்டிலும் தமிழ் இருக்கிறதே. நாமே ஒரு கார் எடுத்து ஓட்டிவிடலாம்” என்று தோன்றும். ஓட்டலாம்தான். ஆனால் எல்லாம் நம் ஊர் மாதிரியே இருப்பதாகத் தெரிவதால்தான் பலரும் விசாரிக்காமல் கிளம்பி விடுகிறார்கள்.

முதல் சந்தேகம், சொந்தக் காரையே கொண்டு போகலாமா என்பது. நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் கப்பல் விட்டார்கள். இடையில் நின்று 2024 ஆகஸ்டில் மறுபடி தொடங்கியது. அது பயணிகளுக்கான கப்பல். கார் ஏறாது. ஆகவே அங்கே போய் வாடகைக்குத்தான் எடுக்க வேண்டும்.

சரி, நம் லைசன்ஸ் அங்கே செல்லுமா? அதை மட்டும் வைத்துக்கொண்டு ஓட்ட முடியாது. இங்கே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி (நம் லைசன்ஸ் விவரங்களை வெளிநாட்டு அதிகாரிகள் படிக்கும்படி எழுதித் தரும் ஆவணம்) வாங்கலாம். கட்டணம் 1000 ரூபாய். ஓராண்டு செல்லும். லைசன்ஸ், பாஸ்போர்ட் நகல்களோடு விண்ணப்பிக்க வேண்டும்.

அதோடு முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். பெரும்பாலோர் தவறுவது இங்கேதான். அந்த அனுமதியை இலங்கையில் அப்படியே காட்டி ஓட்டக் கூடாது. கொழும்பில் உள்ள இலங்கை ஆட்டோமொபைல் சங்கத்தில் அதற்கு ஒப்புதல் வாங்க வேண்டும். இல்லையென்றால் அந்நாட்டு மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் (நம் ஆர்.டி.ஓ. மாதிரியான அரசுத் துறை) தற்காலிக லைசன்ஸ் எடுக்க வேண்டும். இதற்காகக் கட்டுநாயக்க விமான நிலையத்திலேயே 2025 ஆகஸ்டில் ஒரு கவுண்டர் திறந்தார்கள். விமானத்தில் போகிறவர்களுக்கு இது பெரிய வசதி. கப்பலில் காங்கேசன்துறைக்குப் போகிறவர்கள் இந்த வேலையை எங்கே முடிப்பது என்று முன்கூட்டியே யோசித்து வைத்துக்கொள்ள வேண்டும்.

இவ்வளவு காகிதம் எதற்கு என்று கேட்பீர்கள். போலீஸ் மறித்தால் அபராதத்தோடு முடியலாம். ஒருவர் மேல் வண்டி மோதிவிட்டால் நிலைமை வேறு. செல்லத்தக்க அனுமதி இல்லாமல் ஓட்டினீர்கள் என்று காப்பீட்டு நிறுவனம் கையை விரித்துவிடலாம். அடிபட்டவருக்கான இழப்பீடு முழுவதும் உங்கள் தலையில் விழலாம். அந்நிய நாட்டில் வழக்கோடு நிற்பது எவ்வளவு கொடுமை என்று சொல்லவே வேண்டியதில்லை.

இன்னும் ஒன்று. நம் ஊரில் கைபேசியில் டிஜிலாக்கரைத் திறந்து லைசன்ஸைக் காட்டினால் போதும். அங்கே அட்டையையே கையில் வைத்திருங்கள். உங்கள் லைசன்ஸ் காருக்கு மட்டும் என்றால், அங்கே போய் ஸ்கூட்டரைத் தொடாதீர்கள்.

வேகம் எவ்வளவு போகலாம்? காருக்கு ஊருக்குள் மணிக்கு 50 கிலோமீட்டர், ஊருக்கு வெளியே 70, அதிவேக நெடுஞ்சாலையில் 100. நம் நான்குவழிச் சாலையில் ஓட்டிப் பழகிய காலுக்கு 70 என்பது ஊர்வது போல இருக்கும். வீடுகள் தொடர்ந்து வந்துகொண்டே இருப்பதால் எங்கே ஊர் முடிகிறது என்பதும் எளிதில் பிடிபடாது. சந்தேகம் வந்தால் 50க்கு இறங்கிவிடுங்கள். அதிவேக நெடுஞ்சாலையில் பைக்குக்கும் ஆட்டோவுக்கும் இடமில்லை.

போர்டுகளில் தமிழ் இருக்கும், ஆனால் அது நம் வாயில் புழங்கும் தமிழ் இல்லை. டிரைவர் அங்கே சாரதி. லைசன்ஸ், சாரதி அனுமதிப்பத்திரம். பார்க்கிங், வாகனத் தரிப்பிடம். ஆட்டோ, முச்சக்கர வண்டி. அபராதம், தண்டப்பணம். மஞ்சள் கடவை என்றால் நடந்து போகிறவர்கள் சாலையைக் கடக்கும் கோடுகள். அந்தக் கோட்டில் ஒருவர் கால் வைத்துவிட்டால் நீங்கள் நின்றாக வேண்டும். சட்டம் இங்கேயும் அதுதான். நாம்தான் ஆரனை அடித்துக்கொண்டு போய்விடுகிறோம். அங்கே நடப்பவர், வண்டி நிற்கும் என்று நம்பி இறங்குவார். அந்த நம்பிக்கையை மனதில் வைத்து ஓட்டுங்கள்.

அபராதம் விதித்தால் என்ன செய்வது? இங்கே கைபேசிக்குச் செலான் வரும், பிறகு கட்டிக்கொள்ளலாம். அங்கே காலங்காலமாக இருக்கும் முறை வேறு. போலீஸ்காரர் லைசன்ஸை வாங்கி வைத்துக்கொண்டு ஒரு தாள் தருவார். தபால் நிலையத்தில் பணம் கட்டி, ரசீதைக் காவல் நிலையத்தில் காட்டி, லைசன்ஸைத் திரும்ப வாங்க வேண்டும். கெடு 14 நாள். அதுவரை அந்தத் தாளே லைசன்ஸ் மாதிரி. இப்போது கைபேசி வழியாகக் கட்டும் வசதியும் வந்திருக்கிறது. நாளை காலை விமானம் என்றால் இன்றே கட்டிவிடுங்கள், ஊருக்கு வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள்.

இனி மலைச்சாலை. அவிசாவளையிலிருந்து அட்டன் வழியாக ஏறுவது ஏ7 சாலை. பேராதனையிலிருந்து கம்பளை, றம்பொடை வழியாக நுவரெலியா போவது ஏ5. குறுகலான மலைப்பாதையில் ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி நின்று வழிவிட வேண்டும் என்பது நம் நாட்டு விதி. அந்தப் பழக்கத்தை அங்கேயும் விடாதீர்கள். சாலை நடுவே உடையாமல் போகும் வெள்ளைக் கோட்டைத் தாண்டி யாரையும் முந்தாதீர்கள்.

நம் ஊர் ஓட்டுநருக்கு உண்மையான ஆபத்து இறக்கத்தில் இருக்கிறது. அங்கே வாடகைக்குக் கிடைக்கும் கார்கள் பல, ஆட்டோமேட்டிக் (தானே கியர் மாற்றிக்கொள்ளும் வண்டி). தாண்டிக்குடியிலிருந்து இறங்கும்போது நீங்கள் இரண்டாம் கியரில் போட்டு எஞ்சினையே பிடிக்க விடுவீர்கள். ஆட்டோமேட்டிக்கில் ‘டி’யிலேயே விட்டு பிரேக்கை மட்டும் மிதித்து வந்தால் பிரேக் சூடேறிப் பிடிமானம் போய்விடும். ‘எல்’ அல்லது ‘2’ என்று போட்டிருக்கும் நிலைக்கு மாற்றி இறங்குங்கள். காரை வாடகைக்கு எடுக்கும்போதே அதை எப்படி மாற்றுவது என்று காட்டச் சொல்லுங்கள். 2025 மே மாதம் றம்பொடை அருகே கரண்டி எல்லவில் ஒரு பஸ் பள்ளத்தில் விழுந்து 20 பேருக்கு மேல் இறந்துபோனார்கள். ஏ5 வழியாகப் போனால் நீங்களும் அந்தச் சாலையில்தான் போவீர்கள்.

உறவினர் அங்கிருந்து இங்கே வந்தால்? அவர்களுக்கும் சர்வதேச அனுமதி வேண்டும். கொடைக்கானலுக்குக் காரில் ஏற இ-பாஸ் (வண்டி எண்ணைப் பதிந்து இணையத்தில் எடுக்கும் நுழைவுச் சீட்டு) கட்டாயம்; 2024 மே 7 முதல் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி நடைமுறையில் இருக்கிறது. 2025 கோடையில் எத்தனை வண்டி ஏறலாம் என்ற வரம்பும் வந்தது. அவர்களுக்காக நீங்களே எடுத்து வைத்துவிடுங்கள்.

டிக்கெட் போடும் நாளிலேயே ஆர்.டி.ஓ. விண்ணப்பத்தையும் போட்டுவிடுங்கள். அந்த அனுமதி கைக்கு வராவிட்டால், அங்கே டிரைவரோடு வண்டி எடுத்துக்கொள்ளுங்கள்.