கணிப்பொறி நின்றுவிட்டதா?

வடமதுரையை அடுத்த அய்யலூர் தக்காளிச் சந்தையைப் பார்த்திருக்கிறீர்களா? அங்கே ஒரு மண்டியில் 500 பெட்டிகள் வந்து இறங்குவதாக வைத்துக்கொள்வோம். பெட்டிகளை எண்ணுவதும், வருவோருக்குப் பதில் சொல்வதும் ஒரே கணக்குப்பிள்ளையின் வேலை. எண்ணி முடிக்கும்வரை அவர் தலை நிமிரவில்லை. "ஐயா, என் சரக்கு என்ன விலைக்குப் போச்சு?" என்று கேட்கும் விவசாயிக்குப் பதில் கிடைக்காது. அவர் தூங்கவில்லை, வேலைதான் செய்கிறார். ஆனால் பார்ப்பவருக்கு அப்படித் தோன்றாது.

கணிப்பொறித் திரை அசையாமல் நிற்கும்போதும் பல சமயம் நடப்பது இதுதான்.

ஒரே ஆள், இரண்டு வேலை

1 முதல் 10 லட்சம் வரை எத்தனைப் பகா எண்கள் உள்ளன என்று கண்டுபிடிக்க நீங்கள் பைத்தான் மொழியில் ஒரு நிரல் எழுதுகிறீர்கள். திரையில் 'தொடங்கு', 'நிறுத்து' என்று இரண்டு பொத்தான்கள். 'தொடங்கு' பொத்தானை அழுத்தியதும் சுற்று ஓடத் தொடங்குகிறது. அவ்வளவுதான்! அதன்பின் 'நிறுத்து' பொத்தானை அழுத்தினாலும் பயனில்லை. சுமார் 5 விநாடி கழித்து, 'இந்த நிரல் பதில் தரவில்லை' என்று விண்டோஸ் அறிவிக்கிறது. பயந்துபோய் மின்சாரத்தை நிறுத்துகிறீர்கள். 78,498 என்ற சரியான விடை ஒருவேளை அடுத்த நொடியில் வந்திருக்கலாம்! அதோடு, சேமிக்காமல் வைத்திருந்த மற்ற வேலைகளும் போயின.

ஏன் இப்படி? நீங்கள் விசையைத் தட்டுவது, சுட்டியை அழுத்துவது எல்லாம் ஒரு வரிசையில் சேர்கின்றன. நிரல் அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துக் கவனிக்க வேண்டும். திரையைப் புதுப்பித்து வரைவதும் அப்படியே. சுற்று முடியும்வரை அந்த வரிசைப் பக்கம் திரும்ப ஆளில்லை.

தீர்வு என்ன?

முதல் வழி: கணக்குப்பிள்ளை இருபது பெட்டிக்கு ஒருமுறை நிமிர்ந்து பார்க்கலாம். நிரலும் சிறிது நேரம் கணக்கிட்டு, வரிசையைக் கவனித்து, விட்ட இடத்திலிருந்து தொடரலாம். 1991-இல் வந்த விஷுவல் பேசிக் மொழியில் இதற்கென்றே 'டூ ஈவென்ட்ஸ்' என்ற ஆணை இருந்தது. ஆனால் ஓர் ஆபத்தும் உண்டு. இடைவேளையில் நீங்கள் 'தொடங்கு' பொத்தானை மீண்டும் அழுத்தினால், முதல் எண்ணிக்கை முடியுமுன்னே இரண்டாவது எண்ணிக்கை தொடங்கிவிடும்! எனவே வேலை நடக்கும்போது அந்தப் பொத்தானைச் செயலிழக்கச் செய்ய வேண்டும்.

இரண்டாம் வழி: எண்ணுவதற்கு ஓர் உதவியாளரை வைப்பது. கணிப்பொறியில் இதற்கு 'இழை' என்று பெயர். ஓர் இழை கணக்கிட, மற்றோர் இழை திரையைக் கவனிக்கும். ஆனால் பேரேட்டில் இருவரும் எழுதினால் குழப்பம்தானே? உதவியாளர் துண்டுச் சீட்டில் எண்ணிக்கையைத் தர, கணக்குப்பிள்ளை மட்டுமே பேரேட்டில் எழுத வேண்டும். அதுபோலத் திரையில் எழுதும் உரிமையை ஓர் இழைக்கே விட வேண்டும்.

ஒருவர் பிடிவாதம், அனைவருக்கும் துன்பம்

1992-இல் வந்த விண்டோஸ் 3.1-இல் நிலைமை இன்னும் மோசம். நிரல்கள் தாமாக விட்டுக்கொடுத்தால்தான் பிறவற்றுக்கு நேரம் கிடைக்கும். ஒன்று விட்டுக்கொடுக்காவிட்டால் மற்றவையும் காத்துக் கிடக்கும். 1995-இல் வந்த விண்டோஸ் 95, புதிய 32-பிட் நிரல்களுக்குத் தானே நேரத்தைப் பங்கிட்டு அளித்தது. யூனிக்ஸ் அதற்கு முன்பே அப்படிச் செய்துவந்தது. இன்றும் ஒரு நிரல் தன் சொந்தத் திரையைக் கவனிக்காவிட்டால் அது அசையாமல்தான் நிற்கும்.

செய்து பாருங்கள்

எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை நிமிர வேண்டும்? பத்தில் ஒரு விநாடிக்குள் பதில் வந்தால் நமக்குத் தாமதமே தெரியாது. எனவே இருபதில் ஒரு விநாடி கணக்கிட்டதும் நிறுத்தி, பைத்தானின் டிகின்டரில் உள்ள 'ஆஃப்டர்' ஆணையால் அடுத்த தவணையைக் குறித்துவையுங்கள். ஒவ்வோர் எண்ணுக்கும் நிமிர்ந்தால் வேலை நகராது. அதையும் சோதித்துப் பாருங்கள்.

அடுத்த முறை திரை அசையாமல் நின்றால், மின்சாரத்தை நிறுத்த அவசரப்படாதீர்கள். உள்ளே ஒருவர் தலை நிமிராமல் எண்ணிக்கொண்டிருக்கலாம்!